உள்ளே போனவர்கள்

ஆகஸ்ட் 3, வியாழன்

குழாயடிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். மூடிக் கிடக்கும் பஞ்சாலையும் ஆற்றங்கரை வரையுள்ள நிலமும் கைமாறிவிட்டனவாம். தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் இருப்பவர்கள் தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டுமாம். வாங்கியவர்கள் இங்கே சுற்றுலா விடுதி கட்டப்போகிறார்கள் என்று பால்காரர் சொன்னார். படித்துவிட்டுக் குடத்தை நிரப்பினேன். நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் பழைய கேன்டீன் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். தலைவர் சங்கரலிங்கம் பேசினார். ஆலை ஓடிய காலத்தில் சங்கத் தலைவர். ஆலை மூடி இத்தனை வருஷமாகியும் ஊருக்கு அவர்தான் தலைவர். "நம்ம மதகடி சும்மா ஒரு ஊரு கிடையாது, சரித்திரம். சரித்திரத்த இடிக்க எவனாலயும் முடியாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். எப்போதும் நிற்கிற இடம்தான்.

ஆலையின் பிள்ளைக்காப்பகத்தில் ஆயாவாக இருந்தபோது எந்தப் பிள்ளை பால் குடித்தது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எது அழுதது என்று தினமும் எழுதிவைக்க வேண்டும். ஆலை மூடிய பிறகும் கை நிற்கவில்லை. இப்போது பிள்ளைகளுக்குப் பதிலாக என்னைப் பற்றி எழுதுகிறேன். அழுததை மட்டும் எழுதுவதில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மழை. அடுப்படியில் ஒழுகுகிறது. சட்டி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மதுரையிலிருந்து ஃபர்ஹானா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றும் கட்டடக்கலைஞர். தலைவர்தான் யார் யாரையோ பிடித்து வரவழைத்தாராம். முழங்கை வரை சட்டை, காலில் சேறு, கையில் அளவு நாடா. ஒவ்வொரு லைனாகப் போய் அளந்துகொண்டு வந்தாள்.

எல்லோர் வீட்டிலும் டைல்ஸ் ஒட்டி, கூரை ஓடுகளைப் பிரித்துக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது லைனின் கடைசியில் என் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தரையோடு இருக்கும் அடுப்பு, புகைபோக்கி, கம்பெனி கட்டிக் கொடுத்த சிமெண்டுத் தொட்டி, சட்டை மாட்டும் மர முளைகள்.

"அம்மா, இந்த மாதிரி ஒரு வீடு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. கட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. நீங்க ஏன் எதையுமே மாத்தல?"

"சோம்பேறித்தனம்தான் தாயி" என்றேன்.

கலெக்டர் ஒரு குழு அனுப்புவார். இது காக்க வேண்டிய ஊர் என்று அவர்கள் சொல்லிவிட்டால் இடிக்க முடியாது. அதற்கு ஊர் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரு வரலாறும், அந்தக் காலத்து வீடு ஒன்று முழுசாகவும் வேண்டும் என்று விளக்கினாள். என் வீட்டைக் காட்டச் சம்மதம் என்று நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். "அதுக்கென்ன, போடுதேன்" என்றேன். கறுப்புக் காப்பி குடித்தாள். மர முளையில் பையை மாட்டப்போனாள். "அதுல வேண்டாம், கட்டில்ல வச்சிக்கோ" என்று வாங்கி வைத்தேன். முளை ஆடுகிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கேன்டீன் முன்னால் கொடி ஏற்றினார்கள். தலைவர் வரிசையாக எல்லோர் கையிலும் மிட்டாய் வைத்துக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் நின்றவளிடம் இரண்டாகக் கொடுத்தார். அவள் ஒன்றை எனக்குத் தந்தாள். வருஷா வருஷம் இப்படித்தான். மிட்டாய் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 19, சனி

திருப்பூரிலிருந்து மகள் காந்திமதி போன் செய்தாள். "வீட்டத்தான் புடுங்கப் போறாங்கல்லா, அங்க என்னம்மா இருக்கு? இங்க வந்துரு. அந்த ஊரு உனக்கு என்ன செஞ்சுச்சு?" என்றாள். மாப்பிள்ளை தனி அறை ஒதுக்கித் தருகிறாராம். யோசிக்கிறேன் என்றேன். பேத்தி போனை வாங்கிப் பாட்டுப் பாடினாள். துவையல் அரைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஊர் வரலாற்றைச் சொல்லுவதற்குக் கேன்டீனில் கூட்டம். ஃபர்ஹானா நடுவில் ரெக்கார்டரை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆளாளுக்குச் சொன்னார்கள். முன்பு இங்கே ஊரே கிடையாது. மேலே அருவி, கீழே காடு. அருவித் தண்ணீரை வாய்க்காலில் திருப்பினால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் நூல் நூற்கலாம் என்று வெள்ளைக்காரன் ஒருவன் ஆலை வைத்தான். மழை பொய்த்த கரிசல் ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தான். தண்ணீரைத் திறந்து அடைக்கும் மதகுக்குக் கீழே லைன் வீடுகளைக் கட்டியதால் மதகடி என்று பேர் வந்தது. பஞ்சுத் தூசியில் இருமி இருமிச் செத்தவர்களைப் பற்றியும் சொன்னார்கள். சங்கு ஊதினால் தொட்டில் பிள்ளைகூட விழிக்கும் என்று ஒருத்தி சொன்னாள். அது உண்மைதான், நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வேலைநிறுத்தத்துக்கு வந்தார்கள். மூடி போடாத பல்சக்கரத்தில் ஒரு பையனின் கை போனது, கம்பெனி கைவிரித்தது, மழைக்காலம் முழுவதும் யாரும் வேலைக்குப் போகாதது, கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. தலைவர் சொல்லச் சொல்ல எல்லோர் முகத்திலும் வெளிச்சம். மிஷினுக்கெல்லாம் மூடி வந்ததும், பிள்ளைக்காப்பகம் வந்ததும் அதற்குப் பிறகுதான். அதையும் நான் மறுக்கமாட்டேன்.

"எல்லாரும் ஒண்ணா நின்னீங்களா?" என்று ஃபர்ஹானா கேட்டாள்.

யாரோ இருமினார்கள்.

"எல்லாரும்தான். ஒருத்தன்கூட உள்ள போகல" என்றார் தலைவர்.

தூணில் சாய்ந்திருந்தவள் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். துவைக்க வேண்டிய துணி கிடந்தது. துவைத்த துணியையும் சேர்த்துத் துவைத்தேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

கையெழுத்துப் போட ஃபர்ஹானா தாளைக் கொண்டுவந்தாள். கண்ணாடியைக் காணோம் என்றேன்.

செப்டம்பர் 2, சனி

மறுபடி வந்தாள். கை விரல் வீங்கியிருக்கிறது என்றேன். உண்மையிலேயே கொஞ்சம் வீக்கம் இருந்தது.

படித்துறையில் தலைவரின் மனைவி சொர்ணம் மதினி பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள். நானும் அவளும் ஊருக்குள் பேசிக்கொள்வதில்லை. படித்துறையிலும் பேச்சு இல்லை. ஆனால் எத்தனை கல் காலியாக இருந்தாலும் அவள் எனக்குப் பக்கத்துக் கல்லில்தான் உட்காருவாள். இன்றைக்குத் துணியை அலசிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்து, "கையெழுத்துப் போடலியாமே" என்றாள்.

நான் சேலையைக் கல்லில் அடித்தேன்.

"போடாதே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது என்று எழுத வந்தேன். தெரியும். ஆனால் சொல்லக்கூடாதென்று இருப்பதை எழுதவும் கூடாது.

செப்டம்பர் 9, சனி

ஃபர்ஹானா தாளே கொண்டுவரவில்லை. சும்மா வந்தேன் என்று உட்கார்ந்தாள். அவரைக்காய் உரித்துக் கொடுத்தாள். சுவரில் இருக்கும் போட்டோவைப் பார்த்து, "ஐயாவும் மில்லுலதான் இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஸ்பின்னிங்ல."

"எப்ப தவறினாங்க?"

"மில்லு மூடுததுக்கு முந்தி. வடக்க, பிவண்டியில. தறிப்பட்டறையில வேல பாத்தாவ. கூட இருந்தவங்களே அடக்கம் பண்ணிட்டாங்க."

"இங்க வேல இருக்கறப்ப ஏன் அவ்வளவு தூரம் போனாங்க?"

எத்தனையோ வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. காந்திமதிகூடக் கேட்டதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வேலைநிறுத்தத்துல உள்ள போனவங்க ஏழு பேரு. அதுல அவங்களும் ஒருத்தங்க."

அவள் உரித்த அவரைக்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான் மீதியையும் சொன்னேன். காந்திமதி பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் பூனை மாதிரிச் சத்தம் போடும். ஒருநாள் காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், கேட்டைத் தாண்டி உள்ளே போனார். அன்றிலிருந்து ஊர் எங்களோடு பேசவில்லை. வேலைநிறுத்தம் ஜெயித்ததும், அந்த ஏழு பேரும் ஆலையில் இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வந்தது. ஆறு குடும்பம் ஊரை விட்டுப் போனது. இவர் மட்டும் தனியாகப் போனார். நான் இருந்துகொண்டேன். பிள்ளைக்காப்பகம் திறந்தபோது மேனேஜர் இரக்கப்பட்டு எனக்கு வேலை கொடுத்தார். ஆரம்பத்தில் யாரும் என் கையில் பிள்ளையைக் கொடுக்கவில்லை. தொட்டில்கள் காலியாகத் தொங்கின.

"நீங்க ஏன் போகல?"

"எங்க போறது? நான் போயிட்டா, அவங்க திரும்பி வந்து வீட்டத் தேடணும்லா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்தேன். அடுப்பில் பால் இல்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

தலைவர் வந்தார். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றார். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு என் வாசலுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்கிட்ட என்ன சொன்ன?"

"கேட்டா, சொன்னேன் அண்ணாச்சி."

"ஊரே தெருவுல நிக்கப்போகுது. இந்த நேரத்துல பழச எதுக்குக் கிண்டுத?"

"சரித்திரம்னு நீங்கதானே சொல்லுதிய? அது பழசுதானே?"

அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். எழுபதைத் தாண்டியவர், வெயிலில் நிற்கிறார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கூப்பிட்டு, அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

"கையெழுத்துப் போடமாட்டியோ?" என்றார்.

"போடுதேன். வீட்ட யாரு வேணா வந்து பாக்கட்டும். அவங்க செஞ்சது சரின்னு எழுதச் சொல்லல அண்ணாச்சி. ஒருத்தரும் உள்ள போகலன்னு மட்டும் எழுதாதீய. அப்படி எழுதுனா அவங்க இங்க இருக்கவே இல்லன்னுல்லா ஆயிரும்."

"ஜெயிச்ச போராட்டத்துல கருங்காலிக்கு எதுக்குப் பேரு?"

அந்த வார்த்தையைத் தெருவே கேட்டது. நான் கதவைச் சாத்தவில்லை. அவர் போகும் வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

குழாயடியில் என் குடத்தை வரிசையிலிருந்து நகர்த்தி வைத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே மாதிரிதான், அந்த வருஷத்து மாதிரியேதான். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவந்தேன்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். போன வருஷம் வரை பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பேன், அவர்களும் கொடுப்பார்கள். இன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் நடமாட்டமும் இருந்தது, கூப்பிட்டால் யாரும் வரவில்லை. ஆட்டுக்குப் போட்டேன். அது தின்றது.

காந்திமதிக்குப் போன் செய்து, அந்த அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டேன். ஏம்மா, என்னாச்சு என்று பதறினாள். சும்மாதான் கேட்டேன் என்றேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

ஃபர்ஹானா மறுபடி கூட்டம் போட்டாள். எழுதிய வரலாற்றை எல்லோருக்கும் படித்துக் காட்டி, சரியா என்று கேட்பதற்கு. நான் போகிற எண்ணத்தில் இல்லை. பெட்டியைக்கூட எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டேன். அவளே வந்து, "நீங்க இல்லாம நான் படிக்கமாட்டேன்மா" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். தூணுக்குப் பின்னால் நின்றேன்.

வேலைநிறுத்தம் வந்தது. "ஏழு தொழிலாளர்கள் பசியின் காரணமாக வேலைக்குச் சென்றனர்" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். படித்ததும் ஆளாளுக்குக் கத்தினார்கள். "எங்க அப்பா பட்டினி கெடந்து நின்னாரு, அவரும் இவனுகளும் ஒண்ணா?" என்று ஒருவன் எழுந்தான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவன் அப்பா அந்த மழையில் நெஞ்சுவலி வந்து செத்தவர்.

தலைவர் கையைத் தூக்கினார். "அந்த வரிய எடுத்துரு தாயி. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சொர்ணம் மதினி எழுந்தாள்.

"எடுக்கக்கூடாது."

எல்லோரும் திரும்பினார்கள். மதினி கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"சொர்ணம், உக்காரு" என்றார் தலைவர்.

"உக்காந்து உக்காந்துதான் இத்தன வருசம் ஓடிட்டு. இன்னைக்குச் சொல்லிருதேன்." அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க கேட்டுல நின்னு கோஷம் போட்டிய. வீட்டுல எம்பிள்ளைய மூணும் என்னத்தத் தின்னுச்சுன்னு ஒருநாளாவது கேட்டியளா? சங்கத்துல குடுத்த அரிசிய, தலைவரு வீடு கடைசியா வாங்கணும்னு அடுத்தவனுக்குத் தள்ளி விட்டிய. நல்ல காரியந்தான். எங்களுக்குக் கடைசியா ஒண்ணும் மிஞ்சல. அப்ப எம்பிள்ளைய தின்ன சோறு யாரு வீட்டுச் சோறுன்னு தெரியுமா?"

"சொர்ணம்..."

"அந்தா தூணுக்குப் பின்னால நிக்காளே, அவ வீட்டுச் சோறு. நயினாரண்ணன் உள்ள போயி சம்பாதிச்ச அரிசி. துணி மூட்டைக்கு அடியில வச்சு, படித்துறையில என் வாளியில மாத்திவிடுவா. ஊரே அவ முகத்துல முழிக்கக்கூடாதுன்னு நீங்க சொன்ன அதே மாசந்தான். நானும் அவகூடப் பேசல. அரிசிய வாங்கிக்கிட்டு, பேசாம வந்தேன்." என் பக்கம் கையை நீட்டினாள். "ஒருநாள்கூட அவ இத ஒருத்தர்கிட்டயும் சொல்லல. குடத்த நவுத்தி வச்சப்பவும் சொல்லல. இன்னும் அந்த வரிய எடுக்கணுமா?"

தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடினார். காலில் மாட்ட வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதினி என்னிடம் வந்தாள். "சொல்லிட்டேன் ஆவுடை" என்றாள்.

செப்டம்பர் 25, திங்கள்

மதினியே ஊரறியச் சொல்லிவிட்டதால் இனி நானும் எழுதலாம்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் படித்துறையில் மதினி துணிக்குப் போடக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். பழைய, புளித்த கஞ்சி. அவளுடைய சின்னவன் அம்மா திரும்பிய நேரத்தில் சட்டிக்குள் கையை விட்டு நக்கினான். அவள் பார்த்தாள். அடிக்கக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீருக்குள் விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் நான் அரிசி கொண்டுபோனேன்.

அவருக்குச் சொன்னேன். "குடு" என்றார். "ஆனா யாருக்கும் தெரியவேண்டாம். தெரிஞ்சா சங்கரலிங்கம் நிமிந்து நடக்கமாட்டான்" என்றார். இருவரும் ஒரே நாளில் ஆலையில் சேர்ந்தவர்கள். ஒரே நாடகத்தில் ராமன், லட்சுமணன் வேஷம் கட்டியவர்கள்.

இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். விரல் வீக்கம் வடிந்துவிட்டது.

அக்டோபர் 1, ஞாயிறு

தலைவர் வெளியே வருவதில்லை. மதினியோடும் பேசவில்லையாம். வைத்ததைச் சாப்பிடுகிறார், ஆலைக் கேட்டு வரை நடந்துபோய்த் திரும்பி வருகிறாராம். "தப்புப் பண்ணிட்டேனோ ஆவுடை? வயசான காலத்துல அவர ஊரு முன்னால குனிய வச்சிட்டேன்" என்று மதினி கேட்டாள். இப்போது அவள் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கேட்கிறாள். முதல் தடவை வந்தபோது எங்கே உட்காருவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

குழாயடியில் என் குடம் வரிசையில் இருக்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

ஒழுகிய அடுப்படிக் கூரையின் ஓடுகளைப் பக்கத்து வீட்டுப் பையன்கள் ஏறி மாற்றிக் கொடுத்தார்கள். அதே மாதிரிப் பழைய ஓடு ஃபர்ஹானா எங்கேயோ தேடிப் பிடித்தாள்.

அக்டோபர் 14, சனி

குழு வந்தது. ஒரு அதிகாரி, ஒரு பொறியாளர், தலை நரைத்த பேராசிரியர் ஒருவர். மதகைப் பார்த்தார்கள், வாய்க்காலைப் பார்த்தார்கள், ஆலைக்குள் வௌவால்களுக்கு நடுவே போய் வந்தார்கள். என் வீட்டுக்குள் வந்ததும் பொறியாளர் குனிந்து அடுப்பைப் படம் எடுத்தார். இத்தனை பேரை ஒன்றாக இந்த வீடு பார்த்ததில்லை. எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு கேன்டீன். ஊர் வரலாற்றை ஊர்க்காரர் ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்றார் பேராசிரியர். ஃபர்ஹானா தாளை எடுத்துக்கொண்டு யார் படிப்பது என்று பார்த்தாள். தலைவர் வரவே மாட்டார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வெள்ளை வேட்டி சட்டையில் வாசலில் நின்றார்.

"நான் சொல்லுதேன்" என்றார். தாளை வாங்கவில்லை.

அருவியிலிருந்து தொடங்கினார். நன்றாகச் சொன்னார், எப்போதும் போல. வேலைநிறுத்தம் வந்ததும் நிறுத்தித் தண்ணீர் கேட்டுக் குடித்தார். சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

"ரொம்பப் பேரு வெளிய நின்னோம். ஏழு பேரு உள்ள போனாங்க. கொம்பையா. அந்தோணிமுத்து. பிச்சாண்டி. மைதீன் பிச்சை. வேலாண்டி. குருசு மிக்கேல்." ஒவ்வொரு பேராக, கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார். ஏழாவது பேருக்கு முன்னால் என்னைத் தேடினார். தூணுக்குப் பின்னால் பார்த்தார். நான் அன்றைக்கு மதினியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆறுமுகநயினார். எங்கூட ஒரே நாள்ல சேந்தவன். அவியள ஆலையில வைக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுத வச்சவன் நான். வெளிய நின்னவங்களும் பசியிலதான் நின்னோம், உள்ள போனவங்களும் பசியிலதான் போனாங்க. இதுவும் மதகடிதான். எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று தன் அப்பாவைச் சொல்லிக் கத்தியவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எழுந்து போகவில்லை.

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் இந்தக் கேன்டீனில் ஒலித்தது! வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அழுதேன். இதை எழுதலாம் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 29, ஞாயிறு

குழுவின் அறிக்கை முடிவாகும் வரை லைன் வீடுகளை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. முடிவான வெற்றி இல்லை, வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று ஃபர்ஹானா எச்சரித்தாள். இருந்தாலும் வெடி போட்டார்கள். தீபாவளிக்கு முன்னாலேயே.

காந்திமதி அழைத்தாள். அறையைப் பேத்திக்கே கொடுத்துவிடு, லீவுக்கு வந்து தங்கிக்கொள்கிறேன் என்றேன். பிறகு அவளுடைய அப்பாவைப் பற்றி முழுசாகச் சொன்னேன். "எனக்காகவா போனாரு?" என்று கேட்டாள். "உன் பசிக்காகப் போனாரு" என்றேன்.

நவம்பர் 26, ஞாயிறு

மத்தியானம் ஒரு பெண் மூன்றாவது லைனில் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பது வயசு இருக்கும். கோவில்பட்டியிலிருந்து வருகிறாளாம், பேர் செல்வக்கனி. பத்திரிகையில் மதகடியைப் பற்றி வந்திருந்ததாம். அதில் அவள் அப்பா பேர் இருந்ததாம்.

"கொம்பையா மக நான். இங்கதான் பொறந்தேன்னு அப்பா சொல்லிருக்காரு. ஏன் வந்துட்டோம்னு மட்டும் சொன்னதே கெடையாது. கேட்டா வெளிய எந்திரிச்சுப் போயிருவாரு. எங்க வீடு எதுன்னு காட்டுவீங்களா?"

அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது லைனுக்குப் போனேன். ஆறாவது கதவு. இப்போது இருப்பவர்கள் உள்ளே விட்டார்கள். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். டைல்ஸ்தான், ஆனால் தொட்டாள்.

திரும்பி வரும்போது தலைவர் வாசலில் வெறும் உடம்போடு நின்றிருந்தார். "யாரும்மா அது?" என்றார்.

"கொம்பையா மக, அண்ணாச்சி."

சட்டென்று உள்ளே போனார். ஐயோ, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டபடி வெளியே வந்தார்.

"வா தாயி, உள்ள வா. சொர்ணம், தட்டு எடுத்து வையி. ஆவுடை, நீயும் வாம்மா, என்ன வெளிய நிக்க?"

அவர் வீட்டு வாசலை நான் தாண்டினேன். எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். மதினி பரிமாறினாள். செல்வக்கனி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் தலைவர், "உங்கப்பன் சீட்டியடிச்சா மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேக்கும். அந்தக் கடைசியில நின்னு எங்கள எல்லாம் கூப்பிடுவான். ஆளுக்கு ஒரு சீட்டி வச்சிருந்தான்" என்றார்.

"அப்பாவா? அவரு சீட்டியடிச்சு நான் கேட்டதே இல்லையே."

தலைவர் எச்சில் கையோடு உதட்டைக் குவித்து, "எனக்கு ஒரு சீட்டி வச்சிருந்தான், இந்த மாதிரி" என்று அடித்துக் காட்ட முயன்றார். முன்பல் இல்லை. காற்றுதான் வந்தது.

செல்வக்கனி இன்னொரு தடவை அடித்துக் காட்டச் சொன்னாள்.